மருதாணிக்குப் பச்சை விளக்கு

சட்டம் கற்பிப்பது என் வேலை. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அரசுக்கு யோசனை சொல்லும் குழு ஒன்றிலும் இருக்கிறேன். அந்தக் குழுவில் உட்கார்ந்து நான் கற்றதைவிட, உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுதில் கற்றது அதிகம். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி மனைவிக்கு அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. அரைத்த மருதாணியை விரல் நுனியில் தொப்பி மாதிரி அப்புவது எங்கள் வழக்கம். நகமெல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது. நாலு அடி நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

நர்ஸ் ஊசியை எடுக்கவில்லை. போனை எடுத்து, நகத்தின் நிறத்தை வைத்து இரத்த அளவு சொல்லும் செயலி ஒன்றில் நகங்களைப் படம் பிடித்தார். இரத்தம் போதும் என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன்.

"இன்னா சிஸ்டர் இது? கண்ணு வெள்ளையா கீது. அது மருதாணியப் பாத்து சொல்லுது."

"எனக்கும் தெரிது மேடம். பச்ச வந்துட்டா லேபுக்கு சீட்டு போட முடியாது. மாத்துறதுக்கு பட்டனே இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?"

அவரிடம் கத்திப் பயனில்லை. ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு தனியார் லேபுக்குப் போனோம். முடிவைப் பார்த்ததும் அங்கிருந்தவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அன்றே இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பிரசவத்தைத் தாங்கியிருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில், அந்தச் செயலியைச் செய்த கம்பெனிக்காரரிடம் இதைச் சொன்னேன். மனிதர் அசரவில்லை.

"கர்ப்பிணிகள் மருதாணி வைக்கக் கூடாது என்று கையேட்டில் சேர்த்துவிடுகிறோம், மேடம்."

அதாவது தப்பு மருதாணியுடையது. ஊருக்கு ஏற்றபடி கருவி மாறாதாம். கருவிக்கு ஏற்றபடி எங்கள் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டுமாம்!

"அதுமட்டுமில்லை, இறுதி முடிவு நர்சுடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே," என்றார்.

"எந்தப் பட்டனை அழுத்தி அவர் முடிவெடுப்பார்?"

கம்பெனிக்காரர், அடுத்த ஸ்லைடுக்குப் போகலாமா என்று தலைவரைக் கேட்டார். போகக் கூடாது என்றேன்.

அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.