மேனேஜர் சாப்பிட்டானா?

போன வருஷம் புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு நகரில் குடியிருக்கிறோம். நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு இரும்பு ஆலையில் செகண்ட் ஷிப்ட், மதியத்துக்கு மேல்தான் கிளம்புவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நான்கு பூனைகள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் உச்சுக்கொட்டுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு வருஷம் ஆகிவிட்டதே, கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆறியது?

நான்கு பூனைகளில் மூத்தவன் பெயர் மேனேஜர். பெயர் வைத்தது வீட்டுக்காரர்தான். எலி எதிரிலேயே ஓடினாலும் இவன் எழுந்திருக்க மாட்டான். மற்ற மூன்றையும் ஒரு பார்வை பார்ப்பான், அவை ஓடிப் பிடிக்க வேண்டும். "எங்க கம்பெனியிலயும் இதேதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு மேனேஜர் என்றால் உயிர். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் உருண்டை அவனுக்குத்தான்.

அந்தக் கோடையில் தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியானது. நான்கு பூனைகள் இருக்கும் வீட்டில் எது குடித்தது என்று யார் கண்டார்கள்? வெயிலுக்குக் குடிக்கின்றன என்று விட்டுவிட்டேன். பிறகு மேனேஜர் இளைக்க ஆரம்பித்தான். முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது. ஒருநாள் கொல்லைப்பக்கம் அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்ப்பதைப் பார்த்தேன். என் அம்மாவுக்கு சர்க்கரை வியாதி. எறும்பு எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

பொன்னேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரைதான் என்றார். காலையிலும் மாலையிலும் சாப்பிட்ட பிறகு இன்சுலின் ஊசி. சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது, வேகவைத்த கோழியோ மீனோ மட்டும்தான். இன்னொன்றும் சொன்னார்: "சாப்பிடாம ஊசி போட்டுடாதீங்கம்மா. திடீர்னு துவண்டு விழுந்தான்னா, சர்க்கரைத் தண்ணிய ஈறுல தடவிட்டு அப்புறமா எனக்கு போன் பண்ணுங்க."

வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மற்ற மூன்றும் உள்ளே சாப்பிடும். மேனேஜருக்கு மட்டும் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தனித்தட்டு. இல்லாவிட்டால் அவை இவன் கோழியைத் தின்னும், இவன் அவற்றின் சோற்றைத் தின்பான். காலையிலும் மதியமும் அவனுக்குச் சாப்பாடு போடுவது வீட்டுக்காரர் வேலை. நான் அடுப்படியில் சமையலோடும் டிபன் டப்பாவோடும் மல்லுக்கட்டிக்கொண்டே, "மேனேஜர் சாப்பிட்டானா?" என்று குரல் கொடுப்பேன். "சாப்ட்டான்" என்று பதில் வந்ததும் போய் ஊசி போடுவேன். மாலையில் சாப்பாடு, ஊசி இரண்டும் நானே. அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. "கூடப் பொறந்ததுங்க மாதிரி ஒண்ணா துன்னுக்கினு இருந்துச்சிங்க. இப்ப இவன மட்டும் ஜெயில்ல போட்டா மாரி கீது" என்பார்.

அவன் கொஞ்சம் தேறினான். வீட்டுக்காரர் அதற்குள் பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டிருந்தார். மேனேஜருக்கு முழுசாக குணமாக வேண்டும், அதற்காகப் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே போய் மொட்டை போடுவதாக. கம்பெனியில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பூனைக்காக மலை ஏறும் புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கறிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டாது. நானும் புரட்டாசி பிடிக்கிறவள்தான். அதனால் நானே முறை வகுத்தேன். மாலையில் காம்பவுண்டுக்கு வெளியே மூன்று செங்கல் வைத்துக் கோழியை வேகவைப்பேன். அவனுக்கு அந்த வேளைக்குப் போட்டுவிட்டு, மறுநாளுக்கான பங்கை ஒரு டப்பாவில் வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுப்பேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் ஃப்ரிட்ஜுக்குப் புரட்டாசி கிடையாது. பிறகு தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். காலையில் பால் வாங்கப் போகும்போது வீட்டுக்காரர் அந்த டப்பாவை வாங்கிவந்து, கையால் தொடாமல் தட்டில் கவிழ்த்துவிட வேண்டும். அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தலையை ஆட்டினார்.

இரண்டாவது வாரமே ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியது. மருத்துவர் ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த ஞாயிறும் இறங்கவில்லை, இன்னும் கூட்டினார். "சோறு, பால் ஏதாவது போறதா? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல சார். காம்பவுண்டுக்கு வெளியில அடுப்பு மூட்டி ஆக்கிப் போட்டுக்கினு கீறேன்" என்று படபடவென்று பொரிந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அளவைக் கூட்டி எழுதியதையும் பார்த்தார்.

மாதம் பாதி தாண்டியதும் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, தெருக்காரர்களோடு கோவிந்தா போட்டபடி ஊத்துக்கோட்டை வழியாக நடக்கக் கிளம்பிவிட்டார். நான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்துக்கொண்டேன். மூன்று வேளையும் அவ்வப்போதே வேகவைத்து என் கையாலேயே கோழி. எழுதிக் கொடுத்த அளவு பிசகாமல் ஊசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல், துணி துவைக்கக் கொல்லைக்குப் போனேன். மற்ற மூன்று பூனைகளும் கல்லுக்குப் பக்கத்தில் அரைவட்டமாக நின்றுகொண்டிருந்தன, அதில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நடுவில் மேனேஜர் கிடந்தான். எழுந்திருக்கப் பார்க்கிறான், பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி துவள்கின்றன. தலை ஒரு பக்கமாக ஆடுகிறது, வாயோரம் நுரை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷம் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடியதில் பாதி சர்க்கரை தரையில் கொட்டியது. தண்ணீரில் குழைத்து அவன் ஈறில் தடவினேன். இழுப்பில் என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டான். ரத்தமும் சர்க்கரையும் சேர்ந்து அவன் வாய்க்குள் போயிற்று. தடவிக்கொண்டே கத்தினேன். என் சத்தம் கேட்டு, சர்ச்சுக்குக் கிளம்பியிருந்த அக்கா பட்டுப்புடவையோடு ஓடிவந்து, மருத்துவருக்கு போன் போட்டு, ஆட்டோவையும் பிடித்துவிட்டார். பொன்னேரி போய்ச் சேரும்வரை, "அட என் ராஜா, கண்ண மூடாதடா" என்று நானும், "ஏசுவே" என்று அக்காவும் மாற்றி மாற்றி அரற்றிக்கொண்டே போனோம்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். உயிர் இருந்தது, ஆனால் அன்று மாலைவரை பிழைப்பான் என்று யாரும் சொல்லவில்லை. நான் மருத்துவரைப் பிடித்து உலுக்காத குறைதான். "நீங்க கூட்டச் சொன்னீங்க, நான் கூட்டினேன்! இப்ப பாருங்க!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பாட்டுல எதுவும் மாறாம இவ்ளோ கீழ இறங்காதும்மா. அதான் எனக்குப் புரியல" என்றார். போன் செய்த வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "இன்னா போட்ட அவனுக்கு?" என்று கேட்டார். "கோழிதான், வேற இன்னா?" என்றேன். "கோழி மட்டுமா?" என்று திரும்பவும் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு, "ஒண்ணும் ஆவாது, நான் நடந்துக்கினு கீறேன் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த வார்த்தையில் எனக்குத் தெம்புகூட வந்தது. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மேனேஜர் தலையைத் தூக்கினான். ஊசியை வெகுவாகக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் காலை, முந்தின மாலை கொடுத்துவைத்த டப்பாவை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தால், தெருநாய்கள் மூன்று வாலை ஆட்டிக்கொண்டு என் காலையே சுற்றி வருகின்றன. கண்ணெல்லாம் டப்பா மேல். நான் விரட்டினேன். அக்கா சிரித்தார்.

"பாவம், வுடும்மா. அதுங்களுக்கு பழக்கமாயிடுச்சி. உங்க ஊட்டுக்காரரு டெய்லி இங்கயே டப்பாவ கவுத்து வுட்டுட்டுத்தானே போவாரு? அவரு ஊருக்குப் போனதுல இருந்து அதுங்களுக்கு பேஜாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாருக்கா? எந்த டப்பா?" என்றேன்.

"இதே டப்பாதான். ஏதோ வேண்டுதல் போலன்னு நெனச்சிக்கினேன். உனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் காலையில் அவன் என்ன தின்றான்? கேட்கவே வேண்டாம். எல்லாம் ஒவ்வொன்றாக மண்டையில் ஏறியது. காலையும் மதியமும், மற்ற மூன்றுக்கும் போட்ட அதே தயிர்சாதம். அதனால் சர்க்கரை ஏறியிருக்கிறது. ஏறியதற்கு ஊசியைக் கூட்டியிருக்கிறோம். அவர் போனதும் சோறு நின்றுவிட்டது, கூட்டிய ஊசி நிற்கவில்லை. கோழியை மட்டும் போட்டு, சோற்றுக்கான ஊசியையும் சேர்த்து அவன் உடம்பில் ஏற்றியது என் கை. "சாப்ட்டான்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஏற்றிய கை.

நாலு நாள் கழித்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கையில் லட்டுப் பையோடு வந்தார். கேட்டிலேயே நிறுத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"டப்பாவ நாய்க்குக் கவுத்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

தெருவே பார்த்தது. அவர் லட்டுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அவனுக்காகத்தானே வேண்டிக்கினேன். நான் வெரதம் இருந்துக்கினு, அவன் கவிச்சி துன்னுக்கினு இருந்தா, எந்த மூஞ்ச வெச்சிக்கினு மலை ஏறுவேன்? ஒரு மாசம்தானே, அவனும் வெரதம் இருக்கட்டும்னு…"

"பெருமாளு கேட்டாரா? பூனைக்கும் வெரதம் வைய்யின்னு பெருமாளு வந்து உங்கிட்ட கேட்டாரா? சரி, வெச்ச. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? டாக்டர் ஊசிய ஏத்தறப்ப பக்கத்துல நின்னுக்கினு சாவிய சுத்தினியே, அப்பவாவது வாயத் தொறந்தியா?"

"சொன்னா நீ வுட மாட்ட" என்றார்.

சத்தியமாக விட்டிருக்க மாட்டேன். அவன் உயிர் அதில்தானே இருந்தது! அந்த லட்டை நான் தொடவில்லை. சாமி பிரசாதத்தைத் தொடாமல் விட்டது என் வாழ்க்கையிலேயே அது ஒரு தடவைதான், பெருமாள் மன்னிக்கட்டும். அவர் உள்ளே போய் மேனேஜர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பூனைக்கு மானமே இல்லை. அவர் மொட்டைத் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் ஆத்திரம்தான் வந்தது. அழுகிறவரை எப்படித் திட்டுவது?

மேனேஜர் இப்போது நன்றாகவே இருக்கிறான். ஊசி பழைய அளவுக்கு வந்துவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர், "பெருமாளு காப்பாத்திட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். விரலில் இருக்கும் பல் தடத்தைக் காட்டி நான் மறுத்துப் பேசுவதில்லை. பெருமாளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

இந்த வருஷமும் புரட்டாசி வந்து போனது. காலையில் குளித்து, நாமம் போட்டுக்கொண்டு, அதே அக்கா வீட்டிலிருந்து அதே டப்பாவை அவரே வாங்கிவந்தார். நாய்களுக்கு ஒரு துண்டு விழவில்லை. தட்டில் கவிழ்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் தின்று முடிக்கும்வரை துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன்.

இருந்தும் "மேனேஜர் சாப்பிட்டானா?" என்று இப்போதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதில்லை. சிரிஞ்சோடு எதிரில் வந்து நின்று, "இன்னா சாப்ட்டான்?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அவர் சொல்வது உண்மைதான், எனக்கே தெரியும். ஆனாலும் அவருடைய பதிலுக்கும் என் ஊசிக்கும் நடுவில் என் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. முன்பு இல்லாத அந்த ஒரு நொடியை, எத்தனை மலை ஏறினாலும் அவரால் என்னிடமிருந்து எடுக்க முடியாது.