இருமலுக்கு முள்ளங்கிச் சாறு

ஜப்பானில், யைஜு துறைமுகத்துக்கு மேலே இருக்கும் எங்கள் தெருவுக்கு அந்த வருடம் தொமியேதான் பொறுப்பாளர். எழுபத்து மூன்று வயது, தனிக்கட்டை. நகராட்சி அனுப்பும் காகிதங்களை அட்டையில் செருகி, முதல் ஆளாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொடுப்பாள். அட்டை நாற்பது வீடும் சுற்றி, நாற்பது முத்திரையோடு திரும்பி வரும். பிப்ரவரியில் செருகிய காகிதம் இப்படிச் சொன்னது: 'வரி அலுவலகம் பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரையும் ஏடிஎம்முக்குப் போகச் சொல்லாது. அப்படி போன் வந்தால் உடனே துண்டித்துவிட்டு, அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள்.' இரண்டு முறை படித்த பிறகுதான் தொமியே முத்திரை குத்தினாள்.

பத்தே நாளில் அந்த போன் அவளுக்கே வந்தது. சிரிக்க வேண்டாம். மிரட்டியிருந்தால் அவள் துண்டித்திருப்பாள். அவன் மிரட்டவில்லை, வருத்தப்பட்டான். வரி அலுவலகத்து முரோய் என்றான். இறந்துபோன கணவரின் வைத்தியச் செலவுக்காக வரியில் ஒரு பகுதி திரும்பி வர வேண்டியிருக்கிறது, பச்சை உறையில் கடிதம் போட்டோம், உங்களிடமிருந்து பதிலே இல்லை, கெடு போன மாதமே முடிந்துவிட்டது என்றான்.

பச்சை உறை எதுவும் வரவில்லை. தொமியே அதைச் சொல்லவில்லை. அரசாங்கக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டோமே என்று கூசிப்போய், காதில் போனோடு சுவரைப் பார்த்து மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் தாங்குவார்கள், அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்பதை மட்டும் தாங்க மாட்டார்கள். அந்தப் பாவி அதையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்தினான்.

பேச்சுக்கு நடுவே அவன் விடாமல் இருமினான். தொமியேவுக்கு மனசு கேட்கவில்லை.

"முள்ளங்கியைத் துண்டு போட்டுத் தேன்ல ஊற வைங்க சார். அந்தச் சாறை மூணு நாள் குடிச்சா நின்னுடும்."

அவன் கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்காக இன்னிக்கு ஒருநாள் மட்டும் கெடுவை நீட்டி வைக்கிறேம்மா. மேலதிகாரிக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் திட்டு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வங்கிக்கு வேண்டாம், அங்கே கூட்டம் என்று அவனே சொல்லி, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் ஏடிஎம்முக்கு அவளை அனுப்பினான். அவளுடைய மூன்று வங்கிக் கணக்குகளில் இருந்தது முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்கான பணம். படுத்துவிட்டால் மருமகள் சிஹோவின் தலையில் விழக்கூடாது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

காய்கறிப் பையோடு வெளியே வந்த பக்கத்து வீட்டு நகாசே, அவளைக் கைப்பேசியும் கையுமாக மெஷின் முன்னால் பார்த்துவிட்டு நின்றாள்.

"யாரோட பேசுறீங்க தொமியே-சான்? போன்ல யாராவது சொன்னா ஏடிஎம்முக்குப் போகாதீங்கன்னு அட்டையில அனுப்பினதே நீங்கதானே?"

"என் மருமகதான். உங்க வேலையைப் பாருங்க."

வாழ்நாளில் அக்கம்பக்கத்தில் ஒரு பொய் சொல்லாதவள். முகம் தெரியாத ஒருவனுக்குத் திட்டு விழக்கூடாதாம், அதற்காகச் சொன்னாள். விண்ணப்ப எண் என்று அவன் சொன்ன 498650-ஐ அடித்தாள். அது எண் இல்லை, தொகை. வருகிற பணமும் இல்லை, போகிற பணம். பதிவாகவில்லையே என்று அவன் வருத்தப்பட, மற்ற இரண்டு வங்கிகளின் ஏடிஎம் கார்டுகளையும் போட்டு இன்னும் இரண்டு முறை அடித்தாள். சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

அறைக்கான பணம் போய்விட்டது என்று தெரிந்த பிறகு போலீஸ்காரர் வந்து மரியாதையாக எழுதிக்கொண்டு போனார். சிஹோ நகோயாவிலிருந்து வந்து, "பரவாயில்ல அத்தை, நம்ம வீட்டுல இடமா இல்ல" என்றாள். அப்புறம் சமையலறையில் போய், பிள்ளையின் படிப்பு மேசையை எங்கே போடுவது என்று புருஷனிடம் போனில் கிசுகிசுத்தாள். அவள் திட்டியிருந்தால் தொமியேவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த மாத அட்டைக்கு வந்த காகிதத்தில், 'இப்பகுதியில் வசிக்கும் எழுபது வயதைத் தாண்டிய பெண் ஒருவர் ஏமாற்றப்பட்டார்' என்று இருந்தது. தொமியே முதல் முத்திரையைக் குத்தி நகாசேயிடம் நீட்டினாள். நகாசே வாங்கிக்கொண்டு, குளிர் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். நாற்பது முத்திரையும் விழுந்து அட்டை திரும்பி வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாழாய்ப்போன மரியாதை.

நகோயாவுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காப்பீட்டுப் பிரிவிலிருந்து கதாகிரி பேசுகிறேன், நீல உறை அனுப்பியிருந்தோம், பதில் வரவில்லையே என்று ஒருவன் வருத்தப்பட்டான். பெயர்தான் வேறு, குரல் அதேதான்.

தொமியே கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு முறைகூட இருமவில்லை.

"இருமல் நின்னுடுச்சு போல," என்றாள்.

"நின்னுடுச்சும்மா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பட்டென்று வைத்துவிட்டான்.

போலீசைக் கூப்பிட வேண்டும் என்று நிமிர்ந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது, போன் எடுத்ததிலிருந்து அவள் சுவரைப் பார்த்துக் குனிந்தே நின்றிருந்தாள்.