பண்ருட்டிக்குப் போட்ட போன்

சிதம்பரத்தில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் நான் மேலாளர். ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. விற்பனைப் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டோம். வந்தவர்களில் பண்ருட்டிக்காரப் பெண் ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. முப்பது வயதிருக்கும். அங்கே ஒரு மிக்ஸி, கிரைண்டர் கடையில் ஆறு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபிரிட்ஜைக் காட்டி, "இத எங்கிட்ட வித்துக் காட்டுங்க" என்றேன். அவர் விலையைச் சொல்லவில்லை. "வீட்ல எத்தன பேரு சார்?" என்று ஆரம்பித்தார்.

கிளம்பும்போது, "எங்க ஓனருக்கு இப்ப போன் பண்ணிடாதீங்க சார். வேல உறுதியாச்சுன்னா நானே சொல்லிக்கிறேன்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் போன் செய்தேன். விசாரிக்காமல் ஒருவரை எடுத்து முன்பு ஒருமுறை பட்டிருந்தேன். அந்த பயம்.

"அதுவா? நேரத்துக்கு வராது சார். கஸ்டமர்கிட்ட மொகத்தக் காட்டும். ஒங்களுக்குச் சரிப்படாது" என்றார் அவருடைய முதலாளி.

வேறொருவரை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரியில் மெசேஜ் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதுமனைப் புகுவிழாவுக்காகப் பண்ருட்டி போனேன். பரிசு வாங்கும் சாக்கில் அந்தக் கடைக்கே போய்ப் பார்த்தேன். நல்ல கூட்டம். அந்தப் பெண் ஒரே நேரத்தில் மூன்று குடும்பங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பரிசுக்கு ஒரு குக்கரை எடுத்துக்கொண்டேன். கல்லாவில் இருந்த முதலாளியிடம், "நல்லா பேசுறாங்களே" என்றேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"அது இல்லன்னா கட ஓடாது சார்" என்று சிரித்தார்.

குக்கரைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், "அன்னிக்கு ஒங்க ஓனருக்குப் போன் பண்ணிட்டேம்மா. அவரு சொன்னத நம்பிட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். அதுலேருந்து ஞாயித்துக்கெழம லீவும் போச்சு." நிமிர்ந்து பார்க்கவில்லை. "நம்புனதகூட விடுங்க. பண்ண மாட்டேன்னு சொன்னீங்களே."

பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு கடலூரில் எங்கள் கிளை திறந்தபோது அவரைத்தான் முதலில் அழைத்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "மொதல்ல வேலைக்கான ஆர்டர கையில குடுங்க சார். அப்புறந்தான் ஓனர்கிட்ட பேசுவேன்."

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. பஸ் ஏறி, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து நானே கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பண்ருட்டி முதலாளி போன் செய்தார். "நாந்தான் சரிப்படாதுன்னு சொன்னேனே சார்?"

"பரவால்லீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டேன்.

இப்போது கடலூர்க் கிளைக்கு ஆள் எடுப்பது அந்தப் பெண்தான். என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.