அத்தியாயம் கட்டின மோட்டார்

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதிதாகக் காயில் கட்டும் கடைகள் அந்தத் தெருவில் நாலு இருந்தன. மூன்றுக்குப் பெயர்ப்பலகை உண்டு. நாலாவதற்குப் பலகை தேவைப்படவில்லை. "அத்தியாயம் கடை எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைக்காரர், "இதுக்கு மூணாவது அத்தியாயத்துல ஒண்ணு சொல்லியிருக்கான்" என்று ஆரம்பிப்பார். பின்னே வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பழைய காகிதம் வாங்கும் கடையில் புத்தகங்களை எடைக்கு எடுத்து வருவார். கதைப் புத்தகத்தைத் தொடமாட்டார். முன்னேறுவது எப்படி, நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, அடுத்தவன் மனம் கோணாமல் பேசுவது எப்படி, வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்று 'எப்படி'யில் முடிகிற புத்தகங்கள்தான் அவருக்குப் புத்தகம்.

இப்படிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. படித்துவிட்டு நாலு பேருக்கு உபதேசம் செய்வதோடு சரி. இவர் அந்த ரகம் இல்லை. கட்டி முடித்த மோட்டாரை மேசைமேல் வைத்துச் சும்மா சுற்றவிட்டால் எல்லாம் சுற்றும். தண்ணீரை இழுக்கும்போது தாங்குகிறதா என்பதுதானே பேச்சு? புத்தகத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒரு யோசனைக்கு ஒரு மாதம். கடையிலும் வீட்டிலும் பாரம் ஏற்றி ஓட்டுவார். தாங்கினால் சரி. தாங்காவிட்டால் அந்தப் பக்கத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'வேலைக்கு ஆகாது' என்று எழுதி மூடிவிடுவார்.

கூட இருப்பவரைத் தினமும் ஒரு வார்த்தை பாராட்டு என்று ஒரு புத்தகம் சொன்னது. மறுநாள் காலையில் மனைவியிடம், "சட்டைய என்ன நேர்த்தியா மடிச்சு வச்சிருக்க!" என்றார்.

அந்த அம்மாளுக்குச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பதுதான் வேலை. ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தால எதை உடைச்சுட்டு வந்து நிக்கிறீங்க?"

"ஒண்ணும் உடைக்கலம்மா. தோணுச்சு, சொன்னேன்."

"இருபத்திரெண்டு வருஷமாத் தோணாதது இன்னைக்குத் தோணிடுச்சாக்கும். இருங்க, அடுப்படியில எல்லாம் முழுசா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

மாதக் கடைசியில் ஒருநாள் அவர் சொல்ல மறந்துபோனார். வேலைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மாட்டிய செருப்பையே மறுபடி சரி செய்துகொண்டு நின்றார். இவருக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் கோடு விழவில்லை.

அப்படி ஒரு மாதத்தில் அவர் பிடித்துக்கொண்டிருந்தது இது: இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைத் தள்ளிப்போடாதே, கண்ணில் பட்டதும் முடி. நல்ல யோசனைதான். கடையில் ஆணி அடிக்க வேண்டியதை அடித்தார், ஒட்ட வேண்டியதை ஒட்டினார். கடை பளிச்சென்று ஆனது.

அந்த மாதத்தில்தான் பெண்கள் விடுதியிலிருந்து தண்ணீர் மோட்டார் வந்தது. மூன்று மாடி, இருநூறு பெண்கள். வார்டன் அம்மா நேரில் வந்து, "இதை ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. விடுதியில மொத்தம் ஒன்பது மோட்டார் இருக்கு. வருஷம் முழுக்க நீங்களே பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் அவரும் மனைவியின் தம்பியும் என்று இரண்டே பேர். மச்சினன் வேறு வேலை தேடிக் கிளம்புவதாக இருந்தான். இது கிடைத்தால் அவனும் நிற்பான், கடையும் நிற்கும்.

பதினெட்டு காயில், ஒவ்வொன்றுக்கும் எழுபது சுற்று. சுற்றைக் காட்டும் கருவியின் பல் தேய்ந்து நழுவும் என்று அவர் அதை நம்புவதில்லை. பத்துச் சுற்று முடிந்தால் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. காயிலுக்கு ஏழு கோடு. எண்ணும்போது யாராவது வாயைத் திறந்தால் கையில் இருப்பது பறக்கும்.

மோட்டாரைக் கட்டி, ஓட்டிப் பார்த்து, கொண்டுபோய் மாட்டியாயிற்று. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் குதித்துக்கொண்டு ஏறியது. மறுநாள் காலை கடை திறந்து, பலகையைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினொன்றாவது வரிசையில் ஆறு கோடுதான் இருந்தது.

கோடு போட மறந்தோமா, பத்துச் சுற்றையே மறந்தோமா? யோசிக்க யோசிக்க விளங்கியது. பதினொன்றாவது காயிலுக்கு நடுவில், கதவின் கொக்கி ஆடுவது கண்ணில் பட்டது. இரண்டு நிமிட வேலை. எழுந்துபோய் முடுக்கிவிட்டுத் திரும்பினார். நாலு கோடு இருந்தது. ஐம்பது சுற்றியாகிவிட்டது, கோடுதான் போடவில்லை என்று கை சொன்னது. கையை நம்பி மேலே சுற்றினார். கடையில் ஓட்டிப் பார்த்தபோது மோட்டாருக்குக் கரண்ட் வருகிற மூன்று லைனில் ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகக் கரண்ட் இழுத்தது. தெருவில் வருகிற கரண்டே கோணல் என்று விட்டுவிட்டார்.

மச்சினனிடம் சொன்னார். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

"மாமா, மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"தண்ணி ஏறுதா?"

"ஏறுது."

"வார்டன் அம்மாவுக்குச் சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்."

"அப்ப உங்களுக்கு மட்டும் என்ன வயித்து வலி?"

"சுத்து குறைஞ்சா கரண்ட் கூட இழுக்கும், சூடாகும் மாப்ளே. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, ஒருநாள் எரிஞ்சிடும்."

"எரிஞ்சா வோல்டேஜ் சரியில்லைன்னு சொல்லுவோம். எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க. இப்பப் போய் வாயக் குடுத்தா ஒன்பதும் போச்சு."

"கெட்ட சேதிய அடுத்தவன் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லுன்னு ஒரு புத்தகத்துல..."

"கொக்கிய முடுக்கச் சொன்னதும் ஒரு புத்தகம்தான் மாமா! இதுல எந்தப் புத்தகத்தை நம்பறது?"

இன்னொன்றும் அவர் மனதுக்குத் தெரியும். அந்தக் கெட்ட சேதிப் பக்கத்தில் இரண்டு வருஷமாகக் கோடும் விழவில்லை, பாரமும் ஏறவில்லை. சந்தர்ப்பம் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் நைசாக நழுவியிருந்தார். இந்தத் தடவை நழுவவில்லை. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

விடுதியில் மூன்று லைனையும் அளந்தார். ஒன்று கூட இழுத்தது. மோட்டாருக்குப் போகும் வயர்களை இடம் மாற்றிப் போட்டு மறுபடி அளந்தார். கோளாறு வருகிற கரண்டில் என்றால், கூட இழுப்பது பழைய லைனிலேயே நிற்கும். மோட்டாரில் என்றால் மோட்டாரோடு வேறு லைனுக்குப் போகும். மோட்டாரோடு போனது.

வார்டன் அம்மா எதிரே போய் நின்று சொன்னார். மென்று விழுங்கவில்லை. "அம்மா, ஒரு காயில்ல பத்துச் சுத்து குறைச்சுக் கட்டிட்டேன். தப்பு என்னோடது. கழட்டிட்டுப் போய்ப் புதுசாக் கட்டித் தரேன்."

"நேத்து மாட்டிட்டு இன்னைக்குக் கழட்டவா? இது என்ன விளையாட்டு? திங்கக்கிழமை பரீட்சை. இருநூறு பொண்ணுங்க தண்ணிக்கு எங்க போவாங்க?"

"என்கிட்ட சின்ன மோட்டார் ஒண்ணு இருக்கு. மெதுவாத்தான் ஏத்தும். ஒரு மணி நேரம் ஓட்டி அரை மணி நேரம் ஆறவிடணும். பக்கத்துல ஆள் உட்கார வைக்கிறேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவர் வாய்க்கு அத்தியாயம் எதுவும் வரவில்லை. "தெரிஞ்சுபோச்சுங்க, எனக்கு" என்றார்.

"கழட்டுங்க. ஒன்பது மோட்டார் விஷயத்தை இப்பப் பேசாதீங்க."

மோட்டார் அறை வாசலில் மச்சினன் இரண்டு நாள் முக்காலி போட்டு உட்கார்ந்தான். சுவிட்சைப் போடுவது, மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது, அணைப்பது. மாடி ஜன்னலிலிருந்து, "தண்ணி அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கூப்பாடு வந்துகொண்டே இருந்தது. "எங்க மாமா பொய் சொல்லக் கத்துக்கிற வரைக்கும்!" என்று திருப்பிக் கத்தினான். ஆனால் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடையில் அத்தியாயம் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் பதினெட்டையும் பிரித்து மறுபடி கட்டினார். பழுதான ஒன்றை மட்டும் மாற்றியிருக்கலாம். தன் கைமேல் அவருக்கு அவ்வளவு கோபம். எண்ணும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டு நிமிடப் பக்கத்தை அவர் கோடு போட்டு அடிக்கவும் இல்லை. 'எண்ணும்போது மட்டும் கூடாது' என்று ஓரத்தில் எழுதி வைத்தார்.

சனிக்கிழமை மாட்டி அளந்தபோது மூன்று லைனும் ஒரே அளவு காட்டின. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வார்டன் அம்மா, மூலையில் சாக்கு போர்த்தியிருந்த இன்னொரு மோட்டாரைக் காட்டினார்.

"இது வருஷத்துல ரெண்டு தடவை எரிஞ்சது. உங்க தெருவுல முதல் கடைக்காரர் கட்டினது. வோல்டேஜ்னு சொன்னார். நீங்க பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

மச்சினனின் கண்கள் மின்னின. முதல் கடைக்காரர் பலநாள் போட்டியாளர். ஒரு வார்த்தை போதும், ஆளைத் தூக்கிவிடலாம். "நல்லாப் பாருங்க மாமா" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

அத்தியாயம் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். காயில்களில் இரண்டு பங்கு கரி, ஒரு பங்கு புத்தம் புதிதாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். எழுந்துபோய்ச் சுவரில் அந்த மோட்டாருக்கென்று இருந்த பெட்டியைத் திறந்து பியூஸைப் பிடித்து ஆட்டினார். ஒன்று லொடலொடவென்று ஆடியது.

"கட்டினவர் மேல தப்பு இல்லம்மா. சுத்தமாக் கட்டியிருக்கார். இந்தப் பியூஸ் சரியாப் பிடிக்காம ஒரு லைன் போயிருக்கு. ரெண்டு லைன்லயே ஓடி எரிஞ்சிருக்கு. யார் கட்டினாலும் எரியும்."

மச்சினன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

வார்டன் அம்மா இடுப்பில் இருந்த சாவிக்கொத்திலிருந்து மோட்டார் அறைச் சாவியைத் தனியாகக் கழற்றி நீட்டினார்.

"பியூஸை இப்பவே மாத்துங்க. மீதி எட்டையும் திங்கக்கிழமையிலிருந்து ஒண்ணொண்ணாப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லாதீங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். மச்சினன் பியூஸ் வாங்க ஏற்கெனவே சைக்கிளில் ஏறியிருந்தான்.