மூன்று தட்டு

எங்கள் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ‘காது’ என்று பெயர். எங்கே கட்டிடம் இடிந்து விழுந்தாலும் மீட்புப் படையில் முதலில் இவரைத்தான் தேடுவார்கள். இவர் கையை உயர்த்தினால் இயந்திரங்களெல்லாம் நின்றுவிட வேண்டும், ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. கான்கிரீட்டில் சுத்தியலால் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காதை வைப்பார். உள்ளேயிருந்து பதில் தட்டு வந்துவிட்டால், ஆளை வெளியே எடுக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். பெற்ற மகளின் கல்யாணத்துக்கே தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு, பந்தி முடிந்த பிறகுதான் வந்து நின்றார்.

“மண்ணுக்கடியில முனகுறது கேக்குது, அடுப்படியிலருந்து நான் தொண்டை கிழியக் கத்துறது மட்டும் கேக்காதா?” என்று திட்டுவேன்.

“நீ உயிரோடதான் இருக்கேன்னு தெரியுதே, அப்புறம் என்ன அவசரம்?” என்பார். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஓய்வு பெற்றதும் முழு நாளும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காலத்தை ஓட்டினேன்.

ஓய்வு வருவதற்கு முன்பே மறதி வந்துவிட்டது. கையில் சுத்தியலை வைத்துக்கொண்டே வீடெல்லாம் சுத்தியலைத் தேடினார். சிரித்தோம். பிறகு ஒருநாள் இடிபாட்டின் மேல் நின்று கையை உயர்த்தியவர், எதற்கு உயர்த்தினோம் என்பதை மறந்து அப்படியே நின்றிருக்கிறார். மொத்தப் படையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததாம். அதை வந்து சொன்ன படை வண்டி டிரைவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வெறும் அசதி என்று வந்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. “அசையாமப் படுத்திருங்க சார், மெஷின் கொஞ்சம் சத்தம் போடும்” என்று சொல்லி உள்ளே தள்ளினார் டெக்னீஷியன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மெஷின் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும் இவர் கை மேலே போனது. மெஷின் நிற்குமா என்ன?

“எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா! உள்ள ஆள் இருக்கு, தட்டுறாங்க!” என்று கத்திக்கொண்டே வெளியே வரப் பார்த்தார்.

“இப்படி ஆடினா படமே விழாதும்மா” என்று சலித்துக்கொண்டார் டெக்னீஷியன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அவரு ஆடல தம்பி. வேலையப் பாக்குறாரு.”

மயக்க ஊசி போட்டுத்தான் படம் எடுத்தார்கள். நினைவு தங்குகிற இடத்தை டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். “இந்த வயசுக்கு இவ்வளவு சுருங்கியிருக்கக் கூடாதும்மா. இந்த மாதிரி வேலையில ரொம்ப வருஷம் இருந்த சிலருக்குச் சீக்கிரமே வந்துடுது. அந்தத் தூசியா, கண்ணால பாத்ததெல்லாமா, என்னால உறுதியாச் சொல்ல முடியல.”

இவர் படத்தை உற்றுப் பார்த்தார். “இது எந்தக் கட்டிடம் டாக்டர்?”



இப்போது முழு நாளும் வீட்டில்தான் இருக்கிறார். கேட்ட வரம் கிடைத்துவிட்டது, போங்கள். போன வாரம் மத்தியானம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவருக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. கதவை உலுக்கினேன், கத்தினேன், திட்டக்கூடச் செய்தேன். உள்ளே சத்தமே இல்லை. என்ன தோன்றியதோ, கதவில் மூன்று தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. பிறகு அவர் குரல். அதுதான் அவருடைய வேலையிடத்துக் குரல்போல; இத்தனை வருடத்தில் வீட்டில் நான் அதைக் கேட்டதே இல்லை.

“பயப்படாதீங்கம்மா, வந்துட்டோம். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

கதவில் நெற்றியை வைத்து அழுதேன். “நான் ஒருத்திதாங்க.”

“கேட்டுடுச்சும்மா. உங்கள எடுக்காம இங்கருந்து போகமாட்டேன்” என்றார்.