வடையோடு வந்த வாக்கு

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் நான் ஆபரேட்டர். ஒருநாள் கேன்டீனில் வடை தின்றுகொண்டே எங்கள் மேனேஜர் சொன்னார்: "தீபாவளி முடியட்டும்மா. அடுத்த லைன் லீடர் நீதான்." வாய் நிறைய வடை இருந்ததால் கொஞ்சம் குழறியது. எனக்குத் தெளிவாகவே கேட்டது.

அன்று முதல் அந்த வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆள் வராத இடத்துக்கு ஆள் மாற்றுவேன், புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை எங்கள் ஊர் சர்ச்சின் பங்குச் சாமியார் வரை கொண்டுபோய்விட்டாள்.

தீபாவளி போனது, பொங்கலும் போனது. ஒரு திங்கட்கிழமை, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவரை மேனேஜர் கூட்டிவந்தார்.

"இவர்தான் புது லைன் லீடர். கொஞ்சம் வேலை சொல்லிக்குடும்மா."

"சார், எனக்குத்தான்னு சொன்னீங்களே?"

"நானா? பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். எழுதியா குடுத்தேன்?"

நான் தங்கியிருந்த பென்னலூரில் என் அறைத்தோழி தூத்துக்குடிக்காரி. "ஏட்டி, லேபர் ஆபீசுக்குப் போயேன்" என்றாள். போய் எதைக் காட்டுவது, வடையையா? எச்.ஆர். மேடத்திடம் போனேன்.

"அவர் சொன்னப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"வடை போடுற அண்ணன் இருந்தார்."

"அவர் கான்ட்ராக்ட் ஆளும்மா, அவர் சாட்சி செல்லாது" என்று கதையை முடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து என் வேலையை மட்டும் பார்த்தேன். புது லீடர் எது கேட்டாலும், "நான் ஆபரேட்டர்தான் சார்" என்றேன். லைன் நின்று நின்று ஓடியது. மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"இன்னாம்மா, லொள்ளு பண்ணிக்கினு கீறியா?"

"இல்ல சார், என் வேலையத்தான் பாக்கேன்."

அந்த மாதமே பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் இன்னொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். லைன் நடத்திய அனுபவம் உண்டா என்றார்கள். "எங்க மேனேஜரையே கேளுங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் நிஜமாகவே அங்கேயே அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

மேனேஜர் குரல் தேனாக வழிந்தது. "அந்தப் பொண்ணா? இத்தனை மாசமா எங்க லைன் லீடரே அவங்கதான் சார்! தாராளமா எடுத்துக்கோங்க."

என்னைத் தொலைத்துக்கட்ட அவருக்கு அவ்வளவு அவசரம். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

லைன் லீடராகவே எடுத்தார்கள். முதல் வாரம் என் லைனும் நின்றது. எல்லார் முன்னாலும் செமத்தியாகத் திட்டு வாங்கினேன். அழுகை வரவில்லை. என் பதவிக்கு விழுந்த திட்டு அல்லவா, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன்.