பாரத்தில் நான் போட்ட 'இல்லை'

நான்கு வருஷத்துக்கு முன்பு, சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் உலு திராமில் நடந்தது. அங்கே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் நான் ஆபீஸ் கிராணி, குமாஸ்தா வேலை. வேலை கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பப் பாரத்தை வாங்கி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். பாரம் முழுக்க மலாய். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிட்ட நம் ஆட்கள் முழிப்பார்கள். மேனேஜருக்குத் தெரியாமல் நானே நிரப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் நாலு பேருக்கு உதவுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அன்று வந்தவர் காஹாங் ஊர்ப் பக்கம், நாற்பது வயதிருக்கும். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். பெயர், முகவரி எழுதி முடித்து, குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"ஆமான்னு போடும்மா. அடிதடி கேசு. மூணு வருஷம் உள்ள இருந்தேன்."

ஒன்பது இடத்தில் அப்படி எழுதிக் கொடுத்தாராம். ஒருவரும் கூப்பிடவில்லை. மனைவி இறந்துவிட்டார், மகள் மச்சினி வீட்டில். வேலை கிடைத்தால்தான் பிள்ளையைக் கூட்டிக்கொள்ள முடியும் என்றார்.

"ஐயோ அண்ணே, உண்மையைச் சொல்லிச் சொல்லி என்னத்தலா கண்டீங்க? யாரு பாக்கப் போறா?" என்று 'இல்லை'யில் குறி போட்டுவிட்டேன். "வேணாம்மா" என்று தயங்கினார். "சும்மா இருங்கண்ணே" என்று கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினேன்.

வேலை கிடைத்தது. எட்டு மாதத்தில் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை மனுஷன். பக்கத்தில் ஓர் அறை பிடித்து மகளையும் அழைத்துக்கொண்டார். தீபாவளிக்கு அந்தப் பிள்ளை முறுக்கு டின்னோடு ஆபீசுக்கே வந்தது.

அந்த உழைப்பே வினையாகிப்போனது. சிங்கப்பூர் போகும் லாரியில் அவரை அனுப்பலாம் என்று நினைத்து, அதற்காகப் போலீஸ் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். பழைய கேசு வெளியே வந்துவிட்டது.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பாரத்தை மேசையில் விரித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். முழுக்க என் எழுத்து. யார் நிரப்பியது என்று கேட்டார். கோப்பிக்கடையில் ஒரு கூட்டாளி என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே. முதலிலேயே சொல்லியிருந்தால் வேலைக்கு எடுத்திருப்பேன், பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியாது என்று சொல்லி அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார் மேனேஜர். உண்மையிலேயே எடுத்திருப்பாரா? தெரியாது. தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவளே நான்தானே!

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன? வெட்கக்கேடு.

வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினேன். "நீயும் வேலைய விட்டுப் போயிட்டா என்ன ஆகப்போவுது? விடும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். மகள் மறுபடி மச்சினி வீட்டுக்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இன்றைக்கும் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்தக் கட்டம் வந்ததும் பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். குற்றம் செய்ததுண்டா என்று என்னை எந்தப் பாரமும் கேட்டதில்லை. கேட்டால் 'ஆமாம்' என்று எழுத வேண்டியவள் நான் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.